ஓடும் ரயிலுக்கு அடியில் புதைந்த பாலங்கள்

1870களில் கார்ல்டன் வாட்கின்ஸ் என்ற புகைப்படக்காரர் கலிபோர்னியாவில் எடுத்த படம் ஒன்று இருக்கிறது. இடத்தின் பெயர் சீக்ரெட் டவுன். சியரா நெவாடா மலைக்கு ஏறும் வழியில், ஒரு பள்ளத்தாக்கின் குறுக்கே ஏறக்குறைய 1,100 அடி நீளத்துக்கு வெறும் மரக்கட்டைகளால் எழுப்பிய ரயில் பாலம். ஆழமான இடத்தில் அதன் உயரம் சுமார் 90 அடி. படத்தில் அகன்ற தொப்பி போட்ட சீனத் தொழிலாளர்கள் நிற்கிறார்கள். மண்வெட்டிகள், கைவண்டிகள், ஒற்றைக் குதிரை பூட்டிய சிறு வண்டிகள். பக்கத்துச் சரிவை வெட்டி, அந்த மண்ணைக் கொண்டுபோய்ப் பாலத்தின் கால்களுக்கு நடுவே கொட்டுகிறார்கள்.

முதல் தடவை பார்த்தபோது, ஆட்டம் கண்ட பாலத்துக்கு முட்டுக் கொடுக்கிறார்கள் போலிருக்கிறது என்றுதான் நினைத்தேன். அப்புறம் படித்தபோதுதான் விஷயம் புரிந்தது: அவர்கள் அந்தப் பாலத்தையே புதைத்துக்கொண்டிருந்தார்கள். கட்டி முடித்துப் பத்துப் பன்னிரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. கீழேயிருந்து மண்ணை நிரப்பிக்கொண்டே வந்து, கடைசியில் கட்டைகள் கண்ணுக்கே தெரியாதபடி மூடிவிட்டார்கள். பாலம் இருந்த இடத்தில் ஒரு மண்கரை நின்றது.

சீக்ரெட் டவுன் ஏதோ ஒரு விதிவிலக்கு இல்லை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் அமெரிக்கா, கனடா முழுக்க ரயில் கம்பெனிகள் இதையே செய்தன. அத்தனை மரத்தையும் அறுத்து, இழைத்து, ஆணியடித்துக் கட்டிவிட்டு ஏன் புதைக்க வேண்டும்? முதலிலேயே மண்ணைக் கொட்டியிருக்கலாமே?

இதற்குப் பதில் தெரிய வேண்டுமென்றால் முதலில் அந்தப் பாலத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். ஆங்கிலத்தில் அதற்கு ட்ரெஸ்டில் என்று பெயர். நாம் மரக்கால் பாலம் என்று வைத்துக்கொள்வோம். வீடு கட்டும் இடத்தில் சவுக்குக் கம்புகளால் சாரம் கட்டியிருப்பார்களே, அதைப் பத்து மடங்கு தடிமனில் நினைத்துக்கொள்ளுங்கள். ஓர் அடிக்கு ஓர் அடி சதுரமாக அறுத்த நான்கைந்து தூண்கள் ஒரு வரிசை. நடுத்தூண்கள் நேராக நிற்கும். ஓரத்துத் தூண்கள் காலை அகட்டி நிற்பவரைப் போல வெளிப்பக்கம் சாய்ந்திருக்கும். தூண்களின் தலைமேல் ஒரு படுக்கைக் கட்டை, அடியில் ஒரு படுக்கைக் கட்டை, குறுக்கே பெருக்கல் குறி போல இரண்டு சட்டங்கள். இப்படி ஒரு வரிசை முடிந்தால் 14, 16 அடி தள்ளி அடுத்த வரிசை. வரிசைக்கு வரிசை உத்திரம் போட்டு, அதன்மேல் ஸ்லீப்பர் கட்டை, அதன்மேல் தண்டவாளம். பள்ளம் ஆழமாக இருந்தால் ஒரு மாடிமேல் இன்னொரு மாடி. அவ்வளவுதான். காடு பக்கத்தில் இருந்து, நல்ல தச்சர்கள் கையில் இருந்தால், வாரக்கணக்கில் எழுப்பிவிடலாம்.

வேகம்தான் அப்போது அவர்களுக்கு எல்லாமாக இருந்தது. 1862இல் அமெரிக்க நாடாளுமன்றம் போட்ட பசிபிக் ரயில்வே சட்டப்படி, பாதை போட்ட ஒவ்வொரு மைலுக்கும் அரசு கடன் பத்திரம் கொடுத்தது. சமவெளியில் மைலுக்கு 16,000 டாலர், இடைப்பட்ட உயர்நிலத்தில் 32,000, மலையில் 48,000. கிழக்கிலிருந்து யூனியன் பசிபிக், மேற்கிலிருந்து சென்ட்ரல் பசிபிக் என்று இரண்டு கம்பெனிகள். யார் அதிக மைல் போடுகிறார்களோ அவர்களுக்கு அதிகப் பணம். ஒரு பள்ளத்தில் மண் கொட்டிக்கொண்டு ஆறு மாதம் நின்றால் எதிராளி அதற்குள் எங்கேயோ போய்விடுவான்.

இந்தப் போட்டி முடிந்த இடத்தில், யூட்டா மாநிலத்தின் புரமான்டரி மலைச்சரிவில், இரண்டு வழிகளும் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. ஒரே பள்ளத்தைக் கடக்க சென்ட்ரல் பசிபிக் மண்கரை போட்டது. சுமார் 500 அடி நீளம், 170 அடி ஆழம். ஐந்நூறு ஆட்களும் இருநூற்றைம்பது ஜோடி விலங்குகளும் ஏறக்குறைய இரண்டு மாதம் பாடுபட்டார்கள். யூனியன் பசிபிக்கிடம் அத்தனை நாள் இல்லை. 1869 மார்ச் கடைசியில் தொடங்கி மே 5க்குள், ஐந்தாறு வாரத்தில், 400 அடி நீளமும் 85 அடி உயரமும் உள்ள மரக்கால் பாலத்தை நிறுத்திவிட்டது. மே 10 அன்று இரண்டு பாதைகளும் சந்தித்தன. கொஞ்ச காலத்தில் அந்தப் பகுதி முழுக்க சென்ட்ரல் பசிபிக் கைக்கு வந்ததும், அவர்கள் மரப்பாலத்தைக் கைவிட்டு மண்கரை வழியாகவே ரயிலை ஓட்டினார்கள். மண்கரை இன்றும் இருக்கிறது, அதன்மேல் நடந்தே போகலாம். மரப்பாலம் போன இடம் தெரியவில்லை.

அவசரம் மட்டும் காரணம் என்று சொன்னால் அந்தப் பொறியாளர்களைக் குறைத்து மதிப்பிடுவதாகிவிடும். அதைவிடப் பெரிய ஒரு சிக்கல் இருந்தது. நல்ல மண்கரை போட லட்சக்கணக்கான வண்டி மண் வேண்டும். குதிரை வண்டியில் ஒரு மைல் தூரத்திலிருந்து மண் கொண்டுவந்தால் கட்டுப்படியாகாது. ரயில் இருந்தால் இருபது மைல் தள்ளிக்கூட நல்ல சரளை மண்ணை ஏற்றிவரலாம். ஆனால் ரயில் வர வேண்டுமென்றால் பள்ளத்தைக் கடக்க வேண்டும். பள்ளத்தைக் கடக்க மண் வேண்டும். இந்த வட்டத்தை உடைத்தது மரக்கால் பாலம். பாலம் ரயிலைக் கொண்டுவந்தது, ரயில் மண்ணைக் கொண்டுவந்தது, மண் பாலத்தை மூடியது. பாலம் உண்மையில் மண்கரைக்குக் கட்டிய சாரம்தான். வீட்டுச் சாரத்தை வேலை முடிந்ததும் அவிழ்த்துவிடுவோம். இவர்கள் உள்ளேயே விட்டுவிட்டார்கள்.

வட்டிக் கணக்கும் இதற்குச் சாதகம். கடன் வாங்கிப் பாதை போடும் கம்பெனிக்கு, வருமானம் தொடங்குவதற்கு முன்னால் செலவாகும் ஒவ்வொரு டாலரும் பாரம். 100 டாலர் ஆகும் வேலையைப் பத்து வருடம் தள்ளிப் போட்டால், 6 சதவீத வட்டிக்கு இன்று 56 டாலர் எடுத்து வைத்தால் போதும். அதற்குள் ரயில் ஓடிச் சம்பாதித்தும் கொடுத்துவிடும். அந்தக் கால மரப்பாலங்களைப் பார்த்து "அரைகுறை வேலை" என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. எதை இப்போது செய்ய வேண்டும், எதை அப்புறம் செய்யலாம் என்று தெரிந்து செய்த வேலை அது.

சரி, கட்டியாயிற்று. ரயிலும் ஓடுகிறது. அப்படியே விட்டிருக்கலாமே?

விட முடியாததற்கு முதல் காரணம் உளுப்பு. மரத்தைத் தின்பது பூஞ்சை. அதற்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். காய்ந்தே இருக்கும் கட்டையை அது தொடாது. தண்ணீருக்குள் முழுக மூழ்கிக் கிடக்கும் கட்டையையும் தொடாது, அங்கே காற்று இல்லை. நனைந்து, காய்ந்து, மறுபடி நனையும் இடம்தான் அதற்குக் கொண்டாட்டம். நம் ஊரில் வேலிக்கால் நட்டவர்களுக்கு இது தெரியும்: மேலேயும் கெட்டியாக இருக்கும், தோண்டிப் பார்த்தால் ஆழத்திலும் கெட்டியாக இருக்கும், மண்ணோடு சேரும் அந்த ஒரு சாண் உயரத்தில்தான் கால் ஒடியும். மரக்கால் பாலத்தில் இப்படிப்பட்ட இடங்கள் ஆயிரக்கணக்கில் இருந்தன. தூணின் தலை படுக்கைக் கட்டையில் பொருந்தும் துளை, உத்திரத்தின் முனைகள் முட்டும் இடுக்கு, ஆணி இறங்கிய ஓட்டை என்று எங்கெல்லாம் மழைத்தண்ணீர் நுழைந்து உட்கார முடியுமோ அங்கெல்லாம் உள்ளிருந்து உளுக்க ஆரம்பிக்கும்.

வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது என்பதுதான் பயம். பாலத்தைப் பார்வையிடுபவர் சுத்தியலோடு போவார். பானை வாங்கும்போது தட்டிப் பார்ப்பது போல ஒவ்வொரு தூணையும் தட்டிக்கொண்டே வருவார். நல்ல கட்டை கணீரென்று பேசும். உள்ளே உளுத்த கட்டை தொப்பென்று ஒலிக்கும். சந்தேகம் வந்தால் துளைக்கருவியால் ஒரு ஓட்டை போட்டு, வெளியே வரும் தூளை விரலால் தேய்த்துப் பார்ப்பார். சுருள் சுருளாக வந்தால் கட்டை பிழைத்தது. பழுப்பு மாவாக வந்தால் மாற்றியாக வேண்டும். பிறகு மறக்காமல் ஒரு மர முளையை அடித்து அந்த ஓட்டையை அடைப்பார். இல்லாவிட்டால் சோதித்த ஓட்டையே அடுத்த உளுப்புக்கு வாசலாகிவிடும். மருந்து ஏற்றாத மரத்துக்கு ஈரமான ஊர்களில் பத்து வருடம் போல ஆயுள். அதற்குப் பிறகு வருடா வருடம் எதையாவது மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

மருந்து இருந்தது. நிலக்கரித் தாரிலிருந்து எடுக்கும் கிரியோசோட் என்ற எண்ணெயை அழுத்தம் கொடுத்து மரத்துக்குள் செலுத்தும் முறைக்கு 1838இலேயே இங்கிலாந்தில் ஜான் பெத்தல் காப்புரிமை வாங்கிவிட்டார். ஆனால் அமெரிக்காவில் மரம் மலிவாகவும் எண்ணெய் விலையாகவும் இருந்த காலம் அது. கடலோரத்துச் சதுப்பில், கப்பல் புழுக்கள் ஒரே வருடத்தில் கட்டையைச் சல்லடையாக்கிய இடங்களில்தான் அதை முதலில் பெரிய அளவில் பயன்படுத்தினார்கள்.

அடுத்தது நெருப்பு. நீராவி எஞ்சின் என்பது தண்டவாளத்தில் ஓடும் அடுப்பு. மேலே புகைபோக்கியிலிருந்து பொறி பறக்கும். கீழே சாம்பல் தட்டிலிருந்து கனல் உதிரும். அடியில் கோடையில் காய்ந்த பைன் கட்டைகள். நீளமான பாலங்களில் இடையிடையே ஆள் ஒதுங்கி நிற்கச் சிறு மேடைகளும், அவற்றில் தண்ணீர் நிரப்பிய பீப்பாய்களும் இருப்பதைப் பழைய படங்களில் பார்க்கலாம். முக்கியமான பாலங்களில் ஒவ்வொரு ரயிலும் போன பிறகு காவலாள் ஒருவர் வாளியோடு முழு நீளமும் நடந்து, எங்காவது புகைகிறதா என்று பார்த்துவிட்டு வருவார். இரவும் பகலும், மழையில்லாத மாதங்கள் முழுக்க. அந்தச் சம்பளமும் கணக்கில் சேரும்.

உளுப்பையும் நெருப்பையும் எப்படியோ சமாளித்தாலும், மூன்றாவது காரணத்தைச் சமாளிக்க முடியாது. எஞ்சின்கள் கனத்துக்கொண்டே போயின. 1869இல் புரமான்டரிக்கு வந்து நின்ற சென்ட்ரல் பசிபிக்கின் ஜூபிடர் எஞ்சின், பின்னால் இழுத்துவரும் விறகுத் தொட்டி இல்லாமல், 30 டன் அளவுதான். யூனியன் பசிபிக் 1941இல் ஓட்டிய பிக் பாய் எஞ்சின், தொட்டியோடு 540 டன்னுக்கு மேல். மரப்பாலத்தில் ரயிலின் எடை முழுவதும் உத்திரத்திலிருந்து நான்கைந்து தூண்களுக்கு இறங்கி, அந்தத் தூண்களின் பாதம் வழியாகத் தரைக்குப் போகிறது. எடை இரண்டு மடங்கானால் தூணிலும் மூட்டிலும் அழுத்தம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. பிரேக் போட்டால் பாலம் முன்னால் தள்ளும். வளைவில் போனால் பக்கவாட்டில் தள்ளும். அதனால் உயரமான பாலங்களில் ரயில் மாட்டு வண்டி வேகத்தில் ஊர்ந்துதான் போக வேண்டும் என்று உத்தரவு.

மண்கரையில் இந்தக் கணக்கே வேறு. ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

களத்தில் நெல்லைக் கொட்டினால் அது சுவர் போல நிற்காது. ஒரு குறிப்பிட்ட சரிவுக்குச் சரிந்து, அதற்குமேல் நகராமல் நின்றுவிடும். மணல், சரளை, மண் எல்லாவற்றுக்கும் இப்படி ஒரு சரிவு உண்டு. ரயில் கரைகளுக்குப் பொதுவாக ஒரு பங்கு உயரத்துக்கு ஒன்றரைப் பங்கு சரிவு என்று வைத்துக்கொண்டார்கள். மேலே தண்டவாளத்துக்கு 5 மீட்டர் அகலம் போதும் என்று எடுத்துக்கொண்டால், 30 மீட்டர் உயரக் கரையின் அடி அகலம் 95 மீட்டர் ஆகிவிடும். கரையைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் அந்த முகத்தின் பரப்பு 1,500 சதுர மீட்டர். அதாவது கரையின் ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் 1,500 கன மீட்டர் மண். கன மீட்டருக்கு 1.8 டன் என்று வைத்தால் 2,700 டன்.

இப்போது பிக் பாயை அதன்மேல் ஓட்டுவோம். 40 மீட்டர் நீளத்தில் 540 டன். மீட்டருக்கு 13.5 டன். கரை ஏற்கெனவே தன் அடித்தரையின் மேல் வைத்திருக்கும் 2,700 டன்னோடு ஒப்பிட்டால் இருநூற்றில் ஒரு பங்கு. கரையின் அடிவாரத்துக்கு அதன்மேல் ரயில் நிற்கிறதா, இல்லையா என்பதே தெரியாது என்று சொல்லலாம். எஞ்சின் எடை இரண்டு மடங்கானாலும் இருநூற்றில் இரண்டு பங்கு, அவ்வளவுதான். மரப்பாலத்தின் சொந்த எடையோ மீட்டருக்குச் சில டன்கள்தான். அதற்கு ரயில்தான் பெரிய சுமை. மண்கரைக்குத் தானே தனக்குப் பெரிய சுமை. தன் எடையைத் தாங்கி, அமுங்கி, நிலைத்து நின்றுவிட்ட கரைக்கு மேலே என்ன ஓடினாலும் பெரிய விஷயமில்லை.

கரையின் உச்சியில் இருக்கும் முதல் இரண்டு மூன்று மீட்டர் மட்டும் ரயிலின் கனத்தை நேரடியாக உணரும். அங்கேயும் மண்ணுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. ஸ்லீப்பர் கட்டையிலிருந்து சுமை கீழே இறங்க இறங்க அகன்றுகொண்டே போகும். ஓர் அடி ஆழம் இறங்கினால் அகலம் ஏறக்குறைய ஓர் அடி கூடும். இரண்டரை மீட்டர் கட்டையின் அடியில் இருக்கும் அழுத்தம் மூன்று மீட்டர் ஆழத்தில் ஐந்தரை மீட்டர் அகலத்துக்குப் பரவியிருக்கும். பூஞ்சை தின்ன மண்ணில் ஒன்றுமில்லை, நெருப்பும் பிடிக்காது, தட்டிப் பார்க்க மூட்டுகளும் இல்லை. சரிவில் புல் முளைத்தால் கரை இன்னும் கெட்டிப்படும்.

ஆனால் அதே கணக்கு மண்கரையின் பலவீனத்தையும் காட்டுகிறது. 10 மீட்டர் உயரக் கரைக்கு மீட்டருக்கு 200 கன மீட்டர் மண். 30 மீட்டருக்கு 1,500. உயரம் மூன்று மடங்கு, மண் ஏழரை மடங்கு. ஒரு குதிரை வண்டியில் அரைக் கன மீட்டர் மண் என்று வைத்தால், 30 மீட்டர் கரையின் ஒவ்வொரு மீட்டருக்கும் மூவாயிரம் நடை. சீக்ரெட் டவுன் படத்தில் நிற்கும் அந்த ஆட்களை இந்த எண்ணோடு சேர்த்துப் பார்த்தால்தான் அவர்கள் செய்தது எவ்வளவு பெரிய வேலை என்று விளங்கும். சியரா மலைப்பகுதியில் பாதை போட்டவர்களில் பெரும்பாலோர் சீனர்கள். பள்ளத்தைக் கடக்க உதவிய மரப்பாலத்தை மண்கரையாக மாற்றியதும் அவர்கள் கைதான்.

நல்லவேளையாக இயந்திரங்கள் வந்தன. நீராவியில் மண் அள்ளும் இயந்திரம் 1830களிலேயே கண்டுபிடிக்கப்பட்டது என்றாலும், ரயில் பாதை வேலையில் அது பரவியது நூற்றாண்டின் கடைசியில்தான். அப்படி அள்ளிய மண்ணைத் திறந்த தட்டு வண்டிகளில் ஏற்றி, ரயிலாகக் கோத்து, மரப்பாலத்தின் மேல் கொண்டுவந்து நிறுத்துவார்கள். வண்டிக்கும் வண்டிக்கும் நடுவில் இரும்புத் தகடு போட்டு இடைவெளியை மூடியிருப்பார்கள். கடைசி வண்டியில் ஏர்க்கலப்பையைப் பெரிதாக்கிய மாதிரி ஒரு எஃகுக் கலப்பை உட்கார்ந்திருக்கும். அதில் கட்டிய கம்பி வடத்தை முன்பக்க இயந்திரம் இழுக்க, கலப்பை கடைசி வண்டியிலிருந்து முதல் வண்டி வரை உழுதுகொண்டே வரும். மண் முழுவதும் பக்கவாட்டில் சரிந்து பள்ளத்தில் விழும். ஆட்கள் மண்வெட்டியால் நாள் முழுக்கத் தள்ள வேண்டியதை இது சில நிமிடங்களில் முடித்துவிடும். லிட்ஜர்வுட் இறக்கி என்று அதற்குப் பெயர். பனாமா கால்வாய் வேலையிலும் இதே கருவிதான் ஓடியது.

இன்னொரு முறை இதைவிட அழகு. மேற்கு மலைகளில் ரயில் பாதைக்கு மேலே ஓடை இருந்தால், அந்தத் தண்ணீரைக் குழாயில் இறக்கி, பீரங்கி போன்ற ஒரு முனை வழியாக மலைச்சரிவின் மேல் பீய்ச்சுவார்கள். கலிபோர்னியாவின் தங்கச் சுரங்கங்களில் மலையையே கரைத்த கருவி இது. கரைத்த சேறு ஆறுகளைத் தூர்த்து விவசாயத்தைக் கெடுத்ததால் 1884இல் நீதிமன்றம் அந்தச் சுரங்க முறைக்குத் தடை போட்டது. ரயில் பொறியாளர்களுக்கு அதே சேறுதான் தேவையாக இருந்தது. கரைந்த மண்ணும் சரளையும் மரத்தொட்டிகள் வழியாக ஓடிவந்து மரப்பாலத்தின் அடியில் விழும். ஓரங்களில் புதரும் கட்டையும் அடுக்கி வரப்பு போல வைத்திருப்பார்கள். கல் தங்கும், மண் படியும், தண்ணீர் வடியும். ஓடும் தண்ணீரே மண்ணை இடுக்கெல்லாம் நுழைத்து இறுக்கிவிடுவதால், வண்டியில் கொண்டுவந்து கொட்டிய கரையைவிட இந்தக் கரை கெட்டி. கனடாவின் மலைப்பகுதியில் கனடியன் பசிபிக் பல உயரமான மரப்பாலங்களை இப்படித்தான் மூடியது.

வண்டியிலிருந்து வெறுமனே கொட்டிய மண் தளர்வாகக் கிடக்கும், மழை பெய்யப் பெய்ய உட்காரும். புதிதாகக் கொட்டிய கரையின்மேல் நேராகத் தண்டவாளம் போட்டால் அது அலை அலையாக இறங்கிவிடும். மரப்பாலம் உள்ளே இருந்ததால் இந்தக் கவலை இல்லை. ரயிலின் எடையை மரம் தாங்கிக்கொண்டிருக்க, மண் தன் பாட்டுக்கு இரண்டு மூன்று மழைக்காலம் அமுங்கிக்கொள்ளும். குறைந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் கொட்டுவார்கள். நன்றாக உட்கார்ந்த பிறகு மேலே உள்ள உத்திரத்தை எடுத்துவிட்டு, ஜல்லி பரப்பி, பாதையை மண்ணின்மேல் இறக்குவார்கள்.

புதைந்த தூண்கள் பிற்காலத்துக்கு ஒரு தொல்லையை விட்டுவைத்தன. ஆழத்தில் காற்றில்லாமல் கிடப்பவை பல காலம் அப்படியே இருக்கும். உச்சிக்குப் பக்கத்தில் இருப்பவை மெல்ல உளுத்து, தூண் இருந்த இடத்தில் பொந்து விழும். நூறு வருடப் பழைய கரையில் திடீரென்று ஜல்லி உள்வாங்கினால், அங்கே ஒரு கட்டை மக்கிப்போயிருக்கலாம் என்று இன்றைய பொறியாளர்கள் சந்தேகப்படுவார்கள். மண்ணை அடுக்கு அடுக்காகப் போட்டு, அளவாக ஈரப்படுத்தி, உருளையால் அமுக்குவதற்கான கணக்கை 1933இல் லாஸ் ஏஞ்சலிஸ் பொறியாளர் ரால்ஃப் பிராக்டர் வெளியிட்டார். எவ்வளவு ஈரம் இருந்தால் மண் மிகவும் இறுகும் என்று சோதனையில் கண்டுபிடிக்கும் முறை அது. இன்று எந்த ஊரில் சாலை போட்டாலும் பிராக்டர் சோதனை இல்லாமல் நடக்காது.

மண்கரைக்கு உண்மையான எதிரி தண்ணீர்தான். மரக்கால் பாலத்தின் அடியில் வெள்ளம் தாராளமாக ஓடும். அதை மூடிவிட்டால் பள்ளத்தின் குறுக்கே ஓர் அணை போட்டது மாதிரி. ஏரிக்கரைக்கு மதகு போல, ரயில் கரைக்கும் அடியில் ஒரு கண் வைத்தாக வேண்டும். கல் வளைவோ, இரும்புக் குழாயோ, பிற்காலத்தில் கான்கிரீட்டோ, மண் கொட்டத் தொடங்கும் முன்பே அதைக் கட்டி முடித்துவிடுவார்கள். கண் சின்னதாகப் போனால் வெள்ளக் காலத்தில் கரைக்குப் பின்னால் தண்ணீர் ஏறும். அடித்துவந்த மரமும் புதரும் வாயை அடைத்தால் இன்னும் ஏறும். கரையை ஏரிக்கரை போலக் களிமண் வைத்து இறுக்கியிருக்க மாட்டார்கள். ஊறும், வழியும், ஓர் இரவில் உடைந்து போகும்.

எவ்வளவு பெரிய கண் வைப்பது? ஆட்களே குடியேறாத மலைப்பகுதியில் மழைக் கணக்கும் கிடையாது, வெள்ளக் கணக்கும் கிடையாது. இங்கேயும் மரப்பாலம்தான் உதவியது. அது நின்ற ஏழெட்டு வருடத்தில் எத்தனை வெள்ளம் வந்தது, தூணில் எந்த உயரத்துக்குச் சேறு ஒட்டியிருக்கிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்வார்கள். தூணே அளவுகோல். அதைப் பார்த்துக் கண்ணின் அளவை முடிவு செய்துவிட்டுத்தான் மண்ணைக் கொட்டினார்கள்.

எல்லாப் பாலத்தையும் மூட முடியவில்லை. மிக ஆழமான பள்ளத்துக்கும் பெரிய ஆற்றுக்கும் இரும்புப் பாலம்தான் வழி. ஆனால் இரும்பும் எஞ்சினின் எடையோடு போட்டி போட வேண்டியிருந்தது. வயோமிங்கில் டேல் கிரீக் என்ற பள்ளத்தின் மேல் 1868இல் கட்டிய மரப்பாலத்தை 1876இல் இரும்புப் பாலமாக மாற்றினார்கள். 1901இல் பாதையையே வேறு பக்கம் திருப்பி, அந்த இரும்புப் பாலத்தையும் கைவிட்டார்கள். இன்னொரு பக்கம், கலிபோர்னியாவின் தெற்குப் பாலைவனத்தில் கோட் கேன்யன் என்ற இடத்தில் 1930களின் தொடக்கத்தில் கட்டிய மிக உயரமான மரப்பாலம் இன்றும் நிற்கிறது. பாலைவனக் காற்றின் வறட்சியில் பூஞ்சைக்கு வேலையில்லை.

மரத்திலிருந்து மண்ணுக்கு மாறிய கதைகளில் பெரியது புரமான்டரிக்குத் தெற்கே நடந்தது. மலை ஏறி இறங்கும் அந்தச் சுற்றுவழியைத் தவிர்க்க, சதர்ன் பசிபிக் கம்பெனி 1902 முதல் 1904 வரை கிரேட் சால்ட் ஏரியின் குறுக்கே நேராகப் பாதை போட்டது. லூசின் குறுக்குவழி என்று பெயர். கரையோரங்களில் மண்ணும் கல்லும் கொட்டினார்கள். ஏரியின் அடிச்சேற்றில் கொட்டக் கொட்ட அமுங்கிக்கொண்டே போன இடங்களும் உண்டு. நடுவில் ஏறக்குறைய 12 மைல் தூரத்துக்கு ஏரிக்குள் மர முளைகளை அடித்து, மரக்கால் பாலம் கட்டினார்கள். பழைய புரமான்டரி பாதை கிளைப்பாதை ஆகித் தேய்ந்தது. 1942இல் போருக்கு இரும்பு தேவைப்பட்டபோது அந்தத் தண்டவாளங்களைப் பிடுங்கிவிட்டார்கள்.

ஏரிப் பாலம் அரை நூற்றாண்டு உழைத்தது. கடைசியில் அதற்கும் அதே பிரச்சினைகள் வந்தன: கனத்த ரயில், மெதுவான வேகம், தீராத பராமரிப்பு. 1955க்கும் 1959க்கும் இடையில் பாலத்துக்குப் பக்கத்திலேயே மண்ணும் பாறையும் கொண்டு கரை போட்டார்கள். இந்தத் தடவை சேற்றின் மேல் கொட்டி ஏமாறவில்லை. முதலில் அடிச்சேற்றைத் தோண்டி எடுத்து, அந்த இடத்தில் மணலும் சரளையும் நிரப்பி, அதன்மேல் பாறை அடுக்கினார்கள்.

ரயில் பிரச்சினை தீர்ந்தது. ஏரி இரண்டானது. மரக்கால்களுக்கு நடுவே தாராளமாகப் போய்வந்துகொண்டிருந்த தண்ணீரைக் கரை தடுத்துவிட்டது. ஏரிக்கு வரும் மூன்று பெரிய ஆறுகளும் தெற்குப் பாதியில்தான் விழுகின்றன. வடக்குப் பாதிக்கு நன்னீர் வரவு இல்லை, ஆவியாவது மட்டும் நிற்கவில்லை. உப்பு ஏறி ஏறி, இனிக் கரையாது என்னும் அளவை ஒட்டிவிட்டது. கடல்நீரைவிடப் பல மடங்கு உப்பான அந்தத் தண்ணீரில் சில நுண்ணுயிர்கள் மட்டுமே வாழும், அவற்றின் நிறமியால் வடக்கு ஏரி இளஞ்சிவப்பாக இருக்கிறது. விமானத்திலிருந்து பார்த்தால் கரைக்கு இந்தப் பக்கம் நீலப்பச்சை, அந்தப் பக்கம் செம்பருத்திப் பூவைக் கசக்கிக் கரைத்த மாதிரி ஒரு நிறம். நடுவில் அளவுகோல் வைத்துக் கோடு கிழித்தது போல ரயில் பாதை.

கரையில் வைத்த கண்கள் பழுதடைந்து 2012, 2013இல் மூடப்பட்டன. அவற்றுக்குப் பதிலாகக் கரையை ஓரிடத்தில் வெட்டித் திறந்து, மேலே 180 அடி நீளத்துக்குப் பாலம் கட்டினார்கள். 2016 டிசம்பரில் அந்த வழியாகத் தெற்கு ஏரியின் தண்ணீர் வடக்கே பாய்ந்தது.

கைவிட்ட பழைய மரப்பாலத்தை 1990களில் பிரித்து எடுக்கத் தொடங்கினார்கள். உப்புத் தண்ணீரில் தொண்ணூறு வருடம் ஊறிய கட்டைகளைப் பூஞ்சை தீண்டியிருக்கவில்லை. ரம்பத்தில் கொடுத்து அறுத்தபோது உள்ளே மரம் புதிதாகவே இருந்தது. இன்று அந்தப் பலகைகள் பல வீடுகளின் தரையிலும் உத்திரத்திலும் இருக்கின்றன.